பாறையில் வைத்த கருவி

அதிர்வை அளக்கிற கருவியைப் பாறைமேல் வையுங்கள் என்று சொன்னது நான்தான். குவாரிக்காரன் சொல்லவில்லை. அதிகாரி யாரும் சொல்லவில்லை. கருவி கொண்டுவந்த பெண் சொல்லவே இல்லை, அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். இதை எழுதும்போதுகூட எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. வேண்டாம் என்பதை அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். கரண்டு கம்பத்தில் கம்பிக்கு அடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ பீங்கானில் ஒன்று இருக்குமே, இன்சுலேட்டர், அதுதான் எங்கள் சரக்கு. சூளையிலிருந்து இறங்கியதும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பது என் வேலை. சின்ன மரக்கட்டை ஒன்று வைத்திருக்கிறேன். கணீர் என்றால் நல்ல சரக்கு. தொப் என்றால் உள்ளே எங்கோ விரிசல், உடைத்துக் குப்பையில் போட வேண்டியதுதான். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். காது மட்டும்தான் ஏமாறாது. முதலாளிக்கு மிஷின் வாங்க ஆசை வந்தபோதெல்லாம் நான் நாலு உருப்படியைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிக் காட்டியிருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பேட்டையில் பாதிப் பேர் என்னோடு பேசாததற்கும் அதுதான் காரணம்.

என் அக்கா வீடு நல்லூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில். ஊருக்கும் கல் குவாரிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தினமும் மதியம் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. நான் அக்கா வீட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான். அதனால் இதெல்லாம் நடக்கிறவரைக்கும் அந்த வெடியை நான் அந்த வீட்டில் இருந்து பார்த்ததே இல்லை. இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டு அலுத்துவிட்டேன்.

அந்த வீட்டைக் கட்டிய நாளிலேயே எனக்கும் மாமாவுக்கும் சண்டை. அக்கா புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மலிவாகக் கிடைத்தது என்று ஊர்க் கோடியில் இருந்த குட்டையைத் தூர்த்த மனையை வாங்கினார். குட்டையில் கொட்டிய மண் பத்து வருடமாவது அமுங்க வேண்டும், இப்போதே அஸ்திவாரம் போடாதீர்கள் என்றேன். பீங்கான் தட்டுகிறவனுக்கு வீடு கட்டுவதைப் பற்றி என்ன தெரியும் என்றார். கிரகப்பிரவேசத்துக்கு நான் போகவில்லை. அக்கா மட்டும் எனக்குப் பொட்டலத்தில் கேசரி கொடுத்தனுப்பினாள்.

நான்கு வருடத்தில் மேற்குச் சுவரில் விரிசல் விட்டது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல இறங்கி, தரையைத் தொட்டது. பூசினார்கள், மறுபடி விட்டது. அந்தச் சுவரை ஒட்டிய அறையைத்தான் அக்கா தன் மகளின் முதல் பிரசவத்துக்கு ஒழித்து வைத்திருந்தாள். புதுப் பாய், கொக்கியில் தொட்டில் கயிறு, எல்லாம் தயார். ஏழாம் மாத வளையல் போட்டு அழைத்துவரப் போனபோது சம்பந்தி வீட்டம்மா சிரித்த முகத்தோடு சொன்னாளாம்.

"வளையல்லாம் போடுங்க, வேணாங்கல. ஆனா அந்த வெடிச்ச சொவுரு ரூம்ல எங்க புள்ளைய வெக்கிறதுக்கு நாங்க ஒத்துக்க மாட்டோம். சொவுத்துக்கு ஒரு வழி பண்ணுங்க, அனுப்பி வெக்கிறோம்."

அக்கா இதை என்னிடம் போனில் சொன்னபோது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். தாய் வீட்டுக்கு வராமல் முதல் பிரசவம் நடந்தால் ஊர் என்ன பேசும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சுவரைப் பூசுவது ஒரு வழியே இல்லை, வெடி நிற்காதவரை எந்தப் பூச்சும் நிற்காது என்று அவள் சொன்னாள். நான் அன்றைக்கே அந்தக் குவாரியை என் விரோதியாக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, குவாரியை ஊர்ப் பக்கமாக விரிக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். ஊரார் எதிர்த்து எழுதினோம். எழுதியது நான்தான், கையெழுத்து அவர்களுடையது. மேலே இருந்து உத்தரவு வந்தது. வெடி வைக்கும்போது ஊரில் எவ்வளவு அதிர்வு வருகிறது என்று ஒரு நாள் அளக்க வேண்டும், அளவு மீறினால் விரிவாக்கம் கிடையாது, இப்போது போடுகிற வெடிமருந்தையும் குறைக்க வேண்டும். அக்கா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அளந்துவிட்டால் தன் கஷ்டம் தாளில் வந்துவிடும், சம்பந்தி வீட்டுக்கு அதையே காட்டி, வெடி நிற்கப் போகிறது என்று சொல்லிப் பெண்ணைக் கூட்டிவரலாம் என்று நம்பினாள்.

அளக்கிற அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பதினோரு மணிக்குக் குவாரி ஜீப்பில் வந்து இறங்கினாள் அந்தப் பெண். முப்பது வயசுக்குள் இருக்கும். தொப்பி, பூட்ஸ், தோளில் ஒரு பை. குவாரிக்காரன் அமர்த்திய கம்பெனியின் ஆள், குவாரி ஜீப்பில் வருகிறாள், குவாரி ஆபீசில் டீ குடித்துவிட்டு வருகிறாள். இவள் என்ன எழுதுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு உருளையை எடுத்தாள். அதுதான் அதிர்வை உணர்கிற பொட்டி. அதிலிருந்து வயர் ஒரு சின்னத் திரைக்குப் போகிறது. குவாரி ஓரத்தில் ஏற்கெனவே ஒன்று வைத்துவிட்டாளாம், ஊருக்கு இது ஒன்றுதான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அக்கா வீட்டைக் காட்டினாள்.

"அந்த வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணுல வெக்கலாம் சார். புகார் கொடுத்த வீடு அதானே."

"அது குட்டைய ரொப்புன எடம். பஞ்சு மாதிரி மண்ணு. வர்ற அதிர்ச்சிய அதுவே முழுங்கிடும். பொட்டியில ஒன்னும் விழாது," என்றேன்.

"இல்ல சார், மெத்து மண்ணுலதான் ஆட்டம்..."

"நீங்க வந்தது யாரு ஜீப்பும்மா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து என் மரக்கட்டையை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஊரே பின்னால் வந்தது. அக்கா வீட்டுத் தரையைத் தட்டினேன், தொப். ரேஷன் கடைத் திண்டைத் தட்டினேன், பரவாயில்லை. அம்மன் கோயிலுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு பாறை முதுகு காட்டிக்கொண்டு கிடக்கும். அதைத் தட்டினேன். இருபத்தாறு வருடத்தில் நான் பாஸ் பண்ணிய எந்த உருப்படியும் அப்படிக் கணீரென்று சொன்னதில்லை.

"இங்க வைங்க. குவாரியும் பாறை, இதுவும் பாறை. அங்க தட்டுனா இங்க கேக்கும். நடுவுல எவனும் முழுங்க முடியாது."

"சார், இதுல ஆட்டம் கம்மியாதான் வரும். வீடு பாறை மேல இல்லியே. வீடு எதுமேல நிக்குதோ அங்கதான் அளக்கணும்."

"உங்களுக்குச் சம்பளம் குடுக்கறது யாருன்னு ஊருக்கே தெரியும். எங்களுக்குச் சொல்லித் தராதீங்க."

யாரோ ஒருவர், அவர் சொல்றாரு, செராமிக் பேட்டையில அவர்தான் டெஸ்டிங்கு என்றார். அதோடு முடிந்தது. அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டி, கருவி வைக்கும் இடத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றாள். இடத்தை மாற்றச் சொல்லி மிரட்டுகிறாள் என்றே நினைத்தேன். எழுதினேன். கிராமத்தார் சார்பில் நான் தேர்ந்தெடுத்தேன், வீட்டருகே வைக்கலாம் என்ற யோசனையை நிராகரித்தேன் என்று கோடு போட்டதுபோல எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாறையில் ஆணி இறங்காது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்துத்தான் ஒட்ட வேண்டும். அவள் பவுடரில் தண்ணீரை ஊற்றிக் கட்டி கட்டியாகக் குழைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பேட்டையில் அச்செல்லாம் இந்த மாவில்தான் செய்கிறோம். டப்பாவைப் பிடுங்கி, தண்ணீரை முதலில் வைத்து, பவுடரை மேலே தூவி, அது தானாக நனைந்து இறங்கும்வரை காத்திருந்து, குமிழ் இல்லாமல் குழைத்துக் கொடுத்தேன். பொட்டி பாறையில் அட்டைபோல ஒட்டிக்கொண்டது. அதைவிடச் சுத்தமாக யாரும் ஒட்டியிருக்க முடியாது.

ஒரு மணிக்குத் தூரத்தில் சங்கு ஊதியது. பிறகு வெடி. ஆட்டம் எதையும் நான் உணரவில்லை, சத்தம்தான் கேட்டது. திரையில் ஒரு கோடு நெருக்கமாக, பொடிப்பொடியாகத் துடித்து அடங்கியது. அளவு மீறவில்லை. மீறுவதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

"மருந்தக் கொறைச்சிட்டானுங்க," என்றேன். "அளக்கறாங்கன்னு தெரிஞ்சி இன்னிக்கு மட்டும் கொறைச்சிட்டானுங்க."

ஊரும் அதையே சொன்னது. எல்லோரும் பாறையைச் சுற்றித்தான் நின்றோம். அக்கா மட்டும் வீட்டில் சமையலில் இருந்தாள். சாப்பிடப் போனபோது சொன்னாள்.

"இன்னிக்கு என்னா, நேத்து மாதிரியேதான் இருந்துது. செல்ஃபுல இருக்குற தம்ளர்ங்க நகந்து ஓரத்துக்கு வந்துடுச்சி பாரு."

"உனக்குப் பழக்கதோஷம்க்கா. இன்னிக்குக் கம்மியாதான் வெச்சானுங்க. பொட்டியே சொல்லிடுச்சி."

அவள் தம்ளர்களை உள்ளே தள்ளி வைத்தாள். என் தம்பிக்குத் தெரியும் என்று நினைத்தாள். அவள் வீட்டில் உட்கார்ந்து அவளுக்கே தெரிந்ததை, வெளியே நின்றிருந்த நான் இல்லை என்று அடித்துப் பேசினேன்.

ஒன்றரை மாதம் கழித்து, நல்லூர் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் தயாராகப் போயிருந்தேன், ஏமாற்று வேலை என்று நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். என் முறை வந்து பேசினேன். மருந்தைக் குறைத்தார்கள் என்றேன், அந்தப் பெண் விலைபோய்விட்டாள் என்றும் மைக்கிலேயே சொன்னேன். கைதட்டல் கிடைத்தது. மேடையில் இருந்த அதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அன்றைக்குப் போட்ட மருந்தின் அளவு குவாரிப் பதிவேட்டில் இருக்கிறது, குவாரி ஓரத்தில் வைத்த கருவியிலும் மற்ற நாள்போலவே பதிவாகியிருக்கிறது என்றாள். பிறகு அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி அதை மைக்கில் படித்தார். வீட்டருகே வைக்கலாம் என்ற யோசனையை நிராகரித்தேன் என்ற வரியை இரண்டு தடவை படித்தார்.

அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் மண்டபத்துப் படிக்கட்டில் அந்தப் பெண்ணோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, எங்க வூட்டாண்டயே வெக்கிறன்னு சொன்னியாமே?"

"ஆமாங்க."

"வெச்சிருந்தா அளவு கூடுதலா வந்திருக்குமா?"

அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் அக்காவிடமே சொன்னாள். வெடியின் சக்தி போகப் போகப் பெரிய வட்டமாக விரிவதால் ஒவ்வொரு இடத்துக்கும் வருவது குறைந்துகொண்டே போகும். அது ஒன்று. வழியில் மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அது இன்னொன்று.

"ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி திங்காதுங்க. திருவிழாவுல ஸ்பீக்கர் கட்டுனா, தூரத்துல இருந்து பாட்டு கேக்காது, தம் தம்னு மட்டும் கேக்கும்ல? அதான். வேகமா துடிக்கிற அதிர்வு ஒவ்வொரு துடிப்புக்கும் மண்ணுக்குக் கொஞ்சம் குடுத்துட்டே வரும். ஒரு கிலோமீட்டருக்குள்ள எத்தனையோ தடவை துடிச்சி, குடுத்துக் குடுத்தே தீந்துடும். மெதுவா ஆடுறது அதே தூரத்துல கொஞ்ச தடவைதான் ஆடும். அது தாண்டி வந்துடும். கெட்டிப் பாறை அதிகமா திங்காது, அதனால பொடித் துடிப்பும் தப்பிச்சு வந்து பொட்டியில விழுந்துது. ஆனா வீட்டுக்கு அதனால கெடுதல் கம்மி. வீடு மெதுவான ஆட்டத்துக்குத்தான் கூடச் சேர்ந்து ஆடும். அதுக்கு அரசாங்கம் வெச்சிருக்கிற வரம்பும் கம்மி."

"எங்க மண்ணு?"

"மெத்து மண்ணுக்குள்ள நுழைஞ்சா அலை மெதுவாகும், ஆட்டம் பெருசாகும். உங்க வீட்ல அப்படித்தான் வந்திருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா உங்க சுவர் விரிசல் வெடியாலதான்னு என்னால சொல்ல முடியாதுங்க. அளந்திருந்தா சொல்லியிருப்பேன். எழுதியும் குடுத்திருப்பேன்."

அக்கா தலையை ஆட்டினாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எனக்கு முழுக்கப் புரிந்தது, அதுதான் கொடுமை. கணீர் என்பது அந்தப் பாறை விரிசல் இல்லாமல் இருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அதற்கும் அக்கா வீடு எப்படி ஆடுகிறது என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொப் என்று சொன்ன மண்தான் வெளியே காட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. காதை வைத்துப் பிழைத்த எனக்கு, காதில் விழாத ஒன்று வீட்டை அசைக்கும் என்று தோன்றவே இல்லை. அந்தப் பெண் நேர்மையானவள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவள் திருடியாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

விரிவாக்கத்துக்கு அனுமதி வந்துவிட்டது. மறுபடியும் அளக்கச் சொல்லி, நான் செய்தது தவறு என்று என் கையாலேயே எழுதி மூன்று மனு போட்டேன். கிடைத்ததற்கு ரசீது மட்டும் வந்தது. மாமா லாரியிலிருந்து போன் செய்து, பீங்கான் தட்டுகிறவனுக்கு வேறு என்ன தெரியும் என்று பழைய வாக்கியத்தையே சொன்னார். போனை வைத்துவிட்டேன். அவரை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா மகளுக்குப் புருஷன் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. அக்காவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள், விருந்தாளிபோலப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு ரொம்ப நாள் அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை போனால் காபி கொடுப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கொல்லைக்குப் போய்விடுவாள்.

போன மாதம் ஒரு நாள் கம்பெனிக்கே போன் வந்தது.

"செவ்வாக்கெழமை லீவு போட்டுட்டு வா. மீன் கொழம்பு வெக்கிறன். ஒரு மணிக்கு முன்ன வந்துடு."

மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். வழியில் குழந்தைக்கென்று ஒரு கவுன் வாங்கிக்கொண்டு போனேன். பன்னிரண்டே முக்கால் இருக்கும். அந்த ஒழித்த அறையில் இலை போட்டிருந்தாள். பாய் சுருட்டி மூலையில் கிடந்தது. விரிசலுக்கு முதுகு கொடுத்து என்னை உட்கார வைத்தாள். தனக்கும் எதிரே ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நன்றாக இருக்கிறது என்றேன். ம் என்றாள். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள்.

முதலில் சத்தம் வரவில்லை. தரைதான் வந்தது. உட்கார்ந்திருந்த இடம் ஒரு பக்கமாக மெதுவாகப் போய்த் திரும்பி வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. தம்ளரில் தண்ணீர் ஒரு ஓரத்தில் ஏறி இறங்கியது. முதுகுக்குப் பின்னால் சுவருக்குள் ஏதோ நெரிந்தது. இலையில் பொடி விழுந்தது. எல்லாம் அடங்குகிற நேரத்தில்தான் எங்கோ தூரத்தில் கதவைச் சாத்தியதுபோல ஒரு சத்தம் கேட்டது. நான் கையை உதறிக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடப் போனேன்.

அக்கா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தட்டில் விழுந்த காரைப் பொடியை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"உக்காருடா," என்றாள். "நான் தெனம் உக்காந்துதான இருக்கறன்."